மூணாவது கிராஸில் ஒரு பாய்மரப் படகு

கடலைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் அல்சூரில். சிறு வயதில் நான் பார்த்த பெரிய தண்ணீர் அல்சூர் ஏரிதான். அதிலும் பாதியை ஆகாயத்தாமரை மூடியிருக்கும். என் கணவருக்குச் சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அவருக்கு அணை உண்டு. அங்கேயும் தண்ணீரைப் பார்க்கப் போனதைவிட மீன் வறுவல் தின்னப் போனதுதான் அதிகம் என்று அவரே ஒப்புக்கொள்வார். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரு மாதம் பாய்மரப் படகில் குடித்தனம் நடத்தினோம் என்றால் எங்கள் உறவில் பாதிப் பேர் இன்னும் நம்புவதில்லை. மீதிப் பாதிப் பேர் நம்பிவிட்டு, "அதுக்கு ஒகேனக்கல் போயிருக்கலாமே" என்கிறார்கள்.

எங்கள் இருவருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி வேறு வேறு, பஸ் போகும் ஓசூர் ரோடு ஒன்று. இரண்டாயிரத்து ஒன்றில் அவருடைய கம்பெனி அவரை மலேசியாவில் பினாங்குக்கு அனுப்பியது. "ரெண்டே வருஷம்" என்றார். நான் பி.டி.எம். லேஅவுட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டேன். எனக்கு அப்போதுதான் ஒரு குழுவின் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. அது உனக்குப் பிறவியிலேயே வந்ததாச்சே என்று அவர் சொல்வார்.

ஒரு நாள் காலையில் ஆபீஸில் மெயிலைத் திறந்தால் அவரிடமிருந்து இரண்டு வாக்கியம். "ஒரு வீடு வாங்கிட்டேன். மிதக்கும்." கீழே ஒரு போட்டோ. வெள்ளை நிறத்தில், ஒற்றைப் பாய்மரத்தோடு, குளியலறை பக்கெட்டைக் கொஞ்சம் நீட்டிவிட்டதைப் போல ஒரு படகு. ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் அதை இவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இவரும் ஆறு மாதமாக வாரக் கடைசியில் எல்லாம் அந்தப் பெரியவரோடு பாய் இழுத்துப் பழகியிருக்கிறார், என்னிடம் மூச்சு விடாமல்.

நான் போனில் பிடித்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். மாமியார் முன்னால் அவர் எனக்கு 'நீங்க'. நாங்கள் இருவர் மட்டும் என்றால் 'நீ'. கோபம் வந்தால் அந்த 'நீ'யும் கொஞ்சம் நீளும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் அமைதியாகச் சொன்னார்.

"மார்ச்சுல ப்ராஜெக்ட் முடியுது. அதுக்கப்புறம் ஒரு வருஷம், ரெண்டு பேரும் படகுலயே இருக்கலாம்னு ஆசை. தீவு தீவா போலாம். ஜனவரியில நான் லீவு போடுறேன். நீயும் ஒரு மாசம் லீவு போட்டு வந்து இருந்து பாரு. கடைசியில ஒரே ஒரு வார்த்தை சொல்லு. சரின்னா சரி. வேணாம்னா வித்துட்டு வந்துடுறேன். ஏன்னு கூடக் கேக்க மாட்டேன்."

அந்தப் பெருந்தன்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்கிறவரிடம் சண்டை போடலாம். கேட்கவே மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? இரண்டாயிரத்து மூன்று ஜனவரியில் கிளம்பினேன். 'வேண்டாம்' என்ற பதிலை இங்கிருந்தே கட்டி எடுத்துக்கொண்டுதான் போனேன், புளிக்காய்ச்சல் டப்பாவுக்குப் பக்கத்தில்.

படகின் நீளம் இருபத்தேழு அடி. எங்கள் பி.டி.எம். வீட்டு ஹாலும் சமையலறையும் சேர்ந்தால் அதைவிட நீளம். உள்ளே அவர் குனிந்து நடந்தார். நான் குனிய மறந்து முதல் நாளிலேயே மூன்று முறை இடித்துக்கொண்டேன். படுக்கை, படகின் முனையில் ஒரு முக்கோணம். தலைப்பக்கம் இரண்டு பேருக்கும் இடம் உண்டு, கால்பக்கம் ஒருவருக்குத்தான். கழிப்பறையில் தண்ணீர் ஊற்ற முடியாது, ஒரு கைப்பம்பை இருபது தடவை அடிக்க வேண்டும். குளியல் வெளியே, மேல்தட்டில், அரை பக்கெட். இத்தனையையும் அவர் எனக்குச் சுற்றிக் காட்டிய விதத்தைப் பார்த்தால், புது அபார்ட்மெண்ட் விற்க வந்தவர்கூட அவரிடம் பாடம் கேட்கலாம்.

பினாங்குக்கு வடக்கே படகு நின்ற லங்காவித் தீவிலிருந்து கிளம்பி, பக்கத்திலேயே இருந்த ஒரு சின்னத் தீவின் வடக்கு முனையில் ஒரு குடாவுக்குள் நங்கூரம் போட்டோம். தீவின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் ஆபீஸ்காரர்கள் அடுத்த லாங் வீக்கெண்டுக்கு அங்கே போய் நிற்பார்கள்.

நங்கூரம் போட்டால் படகு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அது நிற்பதில்லை. பக்கவாட்டில் ஆடும், பிறகு முன்னும் பின்னும் ஆடும், என்ன செய்வது என்று யோசிப்பது போலக் கொஞ்சம் சும்மா இருக்கும், மறுபடி ஆடும். இரண்டு நாள் எனக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அவர் இஞ்சி நசுக்கிக் கொடுத்தார். எலுமிச்சை முகரச் சொன்னார். மூன்றாம் நாள் காலையில் தற்செயலாக ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். கூரையில் ஓடிய ஒரு பிடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணைப் பாதி மூடி, ஜன்னல் வழியாக ஒரே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் குமட்டவில்லை. அது வேறொன்றும் இல்லை, சில்க் போர்டு சிக்னலில் நெரிசல் பஸ்ஸில் நான் தினம் நிற்கும் நிலைதான்.

"முந்தே பன்னி, முந்தே பன்னி" என்று அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் குரலில் கத்தினார். கன்னடத்தில் அது 'முன்னால் வாருங்கள்'. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூருக்கு வந்த முதல் வாரம், தன்னைத்தான் பன்னி என்கிறான் என்று நினைத்து ஒரு கண்டக்டரிடம் சண்டைக்குப் போன மனிதர் இவர். அதை நினைத்து நான் சிரித்தேன். படகில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆனாலும் நாள் முழுக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? காலையில் காபி முடிந்ததும் ரப்பர் படகில் என்னைக் கரையில் விட்டுவிடு என்று சொல்லிவிட்டேன். அவர் வர முடியாது. காற்று திரும்பினால் நங்கூரம் இழுத்துக்கொண்டு போகும், படகில் யாராவது இருக்க வேண்டும். தவிர, தினமும் அதில் ஏதாவது ஒன்று ஒழுகும் அல்லது சிக்கும், அதைச் சரிசெய்ய அவருக்கு நேரம் போதாது. ஆக, தீவை நான் தனியாகத்தான் நடந்து பார்த்தேன். காலில் ஹவாய் செருப்பு, தோளில் துணிப்பை, பையில் தண்ணீர் பாட்டிலும் நோட்டுப் புத்தகமும்.

தண்ணீரில் நான் எவ்வளவு பேஜாராக இருந்தேனோ அவ்வளவு சந்தோஷமாகத் தரையில் இருந்தேன். வடக்கு முனையில் எங்கள் குடாவிலிருந்து தெற்கே இருந்த கிராமம் வரை, ஒரு மோட்டார் சைக்கிள் போகும் அகலத்தில் சிமெண்டுப் பாதை ஒன்று இருந்தது. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். இரண்டு பக்கமும் ரப்பர் மரம், தென்னை, இடையிடையே கால் முளைத்த மர வீடுகள். வாசலில் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். அந்தப் புளித்த வாசனை எனக்கு இரண்டே நாளில் பழகிவிட்டது. தலைக்கு மேலே செம்பழுப்புப் பருந்துகள். குரங்குகள் என் துணிப்பையைப் பார்க்கும் பார்வையில் மட்டும் நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் வித்தியாசமே இல்லை.

சிமெண்டுப் பாதையிலிருந்து கடலை நோக்கி ஒற்றையடிப் பாதைகள் பிரிந்தன. எண்ணிப் பார்த்தேன், ஏழு. அவற்றுக்குப் பெயர் இருந்ததா என்று தெரியாது, கேட்க மொழியும் தெரியாது. ஆனால் பெங்களூரில் பிறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நீளமாகப் போவது மெயின். அதை வெட்டுவது கிராஸ். நோட்டில் கோடு போட்டு நம்பர் கொடுத்துவிட்டேன். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. கிராமத்தில் மூன்று பாதை கூடும் இடத்தில் ஒரு பெரிய மரமும், அடியில் ஒரு மளிகைக் கடையும் இருந்தன. அது சர்க்கிள். எண்ணிக்கை சர்க்கிளிலிருந்துதானே தொடங்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூணாவது கிராஸ். அதன் முடிவில் சுத்தமான மணல், கரையை ஒட்டியே ஆழமான நீலத் தண்ணீர், உட்கார ஒரு வாதாம் மரத்து நிழல். அஞ்சாவது கிராஸ் எனக்கு ஆகாது. அங்கே கடல் ஒரு சந்துக்குள் நுழைந்து சேறாகிக் கிடக்கும்; சேற்றில் கண் பிதுங்கிய சின்ன மீன்கள் நடந்து போகும். மீன் நடக்கக் கூடாது என்பது என் கருத்து.

சர்க்கிள் கடையை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க மலாய்ப் பெண்மணி. என்னைப் பார்த்ததும் "அடிக், அடிக்" என்று கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அடிக்க வருகிறார் என்றே நினைத்து ஓரடி பின்னால் போனேன். 'அடிக்' என்றால் தங்கை என்று அன்று மாலை என் கணவர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் அந்த அக்கா என்னை பெஞ்சில் உட்காரவைத்து, வாழைப்பழ பஜ்ஜியும் இனிப்பான தேநீரும் கொடுத்து, என் வளையலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, தன் குடும்பக் கதை முழுவதையும் மலாயில் சொல்லி முடித்திருந்தார். நானும் என் ஆபீஸ் கதையைத் தமிழில் சொன்னேன். இரண்டு பேருக்கும் திருப்தி.

மாலையில் படகுக்குத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அன்றைய நடையைச் சொல்வேன். மூணாவது கிராஸில் இன்று இதைப் பார்த்தேன், ரெண்டாவது கிராஸில் அவர்கள் அதைக் கொடுத்தார்கள் என்று. அவர் பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "ம்ம்" என்பார். "கேக்கிறியா இல்லயா?" என்றால், "கேக்கிறேன், கேக்கிறேன். உன் லேஅவுட் மொத்தமும் எனக்கு மனப்பாடம்" என்பார்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. எனக்குப் பிடித்திருந்தது தீவுதான், படகு இல்லை. என் முகம் தெளிந்ததை அவர் தப்பாகப் புரிந்துகொண்டார். மூன்றாவது வாரம் அவர் ஒரு காகிதத்தில் தீவுகளின் பெயர்களை எழுதிவைத்திருப்பதைப் பார்த்தேன், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த மாதம் என்று. நான் பார்ப்பது தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டால் மூடினார். என் பதில் மாறவில்லை. சொல்வதுதான் நாளுக்கு நாள் கஷ்டமாகிக்கொண்டு வந்தது.

இந்த இடத்தில் நான் எங்கள் முதல் சந்திப்பைச் சொல்லியாக வேண்டும். தொண்ணூற்றொன்பதில், இரண்டு வீட்டாரும் போட்டோ மாற்றிக்கொண்ட பிறகு, பெரியவர்கள் இல்லாமல் ஒரு தடவை பேசிப் பார்க்கிறோம் என்று நாங்கள் பிடிவாதம் பிடித்தோம். பி.டி.எம்.மில் மூணாவது கிராஸ் முனை, பேக்கரி வாசல், காலை பதினொரு மணி. நான் அல்சூரிலிருந்து வந்து சர்க்கிளில் இறங்கி, மூணு எண்ணி, பேக்கரி வாசலில் நின்றேன். கால் மணி நேரம் பார்த்தேன். எனக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது. ஆட்டோ பிடித்துவிட்டேன். ஆட்டோ அந்த மெயினின் மறுமுனையைத் தாண்டும்போது இன்னொரு பேக்கரி வாசலில், போட்டோவில் இருந்த அதே கட்டம் போட்ட சட்டையில் ஒருவர், கையில் காரா பன் பொட்டலத்தோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். பொம்மசந்திராவில் அக்கா வீட்டிலிருந்து ஓசூர் ரோடு பஸ்ஸில் வந்தவர், அந்தப் பக்கத்திலிருந்து மூணு எண்ணியிருக்கிறார். இறங்கிப் போய்த் திட்டத்தான் போனேன்.

"நிழல்லயாவது நின்னிருக்கலாமே" என்றேன்.

"நிழல்ல நின்னா நீங்க பாக்காம போயிடுவீங்க" என்றார். "தேடிக்கிட்டுப் போலாமான்னு நெனச்சேன். ரெண்டு பேரும் தேடினா ரெண்டு பேருமே கெடைக்க மாட்டோம். யாராவது ஒருத்தர் அசையாம நிக்கணும்ல?"

அன்றைக்கே அது எங்களுக்குள் சட்டமாகிவிட்டது. தவறவிட்டால் அவர் நிற்க வேண்டும், நான் போய்ப் பிடிக்க வேண்டும். நிற்கும் பொறுமை எனக்கு இல்லை என்பது இரண்டு பேருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது.

தீவில் கடைசி நாள். மறுநாள் எனக்கு ஊருக்கு ப்ளைட். அன்று மதியம் பாய் விரித்து லங்காவிக்குத் திரும்புவதாக ஏற்பாடு. காலையில் கடைக்கார அக்காவிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினேன். திரும்பக் குடா வரை நடக்க நேரம் இல்லை. "நீ படகை எடுத்துக்கிட்டு மூணாவது கிராஸுக்கு வந்துடு. பத்து மணி" என்றேன். படகில் ஏறியதும் பதிலைச் சொல்லிவிடுவதாக மனத்துக்குள் முடிவு. அவர் வரைபடத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, "சரி" என்றார். எனக்கு அது கவனத்தில் விழுந்தது. ஆனால் அன்றைக்கு அவரை எதுவும் கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

கடைக்கார அக்கா அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஒரு பொட்டலம் நிறைய பஜ்ஜி கட்டிக் கொடுத்தார். ஒன்பதே முக்காலுக்கே வாதாம் மரத்தடிக்கு வந்துவிட்டேன். பத்து ஆனது. கடலில் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் நின்றேன். பிறகு மணலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். இன்ஜின் மக்கர் செய்கிறதோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, தனியாகப் பாய் இழுக்கும்போது தவறி விழுந்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்த பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அந்தப் படகை விட்டு அவர் உயிரோடு வந்தால் போதும் என்று அல்சூர் சோமேஸ்வரரை வேண்டிக்கொண்டேன்.

பதினொன்றை நெருங்கும்போதுதான், நின்ற இடத்திலேயே எனக்கு அந்த காரா பன் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. இந்த மனிதர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணியிருப்பார்? எனக்கு சர்க்கிள் கடை. அவருக்கு? அவர் கிராமத்துக்கு வந்ததே இல்லை. அவருக்கு வீடு என்றால் படகு, படகு நின்றது வடக்குக் குடாவில். ஏழு கிராஸில் அந்தப் பக்கத்திலிருந்து மூணாவது என்றால் என் கணக்கில் அஞ்சாவது. அந்தச் சேற்றுச் சந்து.

ஓடினேன். செருப்பின் வார் வழியிலேயே அறுந்தது. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஒற்றைச் செருப்போடு ஓடினேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பி.டி.எம்.மில் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாயில் வரும். அந்தத் தீவில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை வந்து, இரண்டு முறை போகும். போனால் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இறங்கிவிடும். எந்த மணிக்கு ஏறும், எந்த மணிக்கு இறங்கும் என்பதற்கு அவரிடம் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதை அவர் பல் விளக்குவதற்கு முன்னால் பார்ப்பார். தெரியாமல் மாட்டிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

அஞ்சாவது கிராஸின் முடிவில் கடல் இல்லை. சேறு இருந்தது. சேற்றின் நடுவில் எங்கள் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது, பாய்மரம் காட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டு. சாய்ந்த மேல்தட்டின் விளிம்பில், நல்ல வெயிலில், நிழல் இருந்த பக்கத்தை விட்டுவிட்டு, அவர் உட்கார்ந்திருந்தார்.

முழங்கால் வரை சேற்றில் இறங்கி நடந்தேன். நடக்கும் மீன்கள் எனக்கு வழி விட்டன. கிட்டே போனதும் எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"தண்ணி வத்துறது உனக்குத் தெரியலயா?"

"பத்தரைக்கே தெரியும்."

"அப்பவே வெளிய எடுத்துட்டுப் போயிருக்கலாமில்ல?"

"போயிருக்கலாம். போனப்புறம் நீ இங்க வந்து பாத்து, யாரும் இல்லன்னா?" என்றார். "நின்னுட்டேன். படகு சாஞ்சா, தண்ணி வந்தா நிமிந்துக்கும்."

"நிமிரலன்னா?"

அவர் கையைக் கொடுத்து மேலே இழுத்துவிட்டார். உள்ளே எல்லாச் சாமானும் தாழ்ந்த பக்கத்தில் குவிந்து கிடந்தது. ரவையும் துவரம் பருப்பும் கலந்து, மேலே ஊறுகாய் பாட்டில் உடைந்து அபிஷேகம் ஆகியிருந்தது. அடுப்பு மட்டும், ஆடுவதற்கென்றே தொங்கவிட்டிருந்ததால், நேராக நின்றது. அவர் அதில் காபிக்குத் தண்ணீர் வைத்தார். நான் சாய்ந்த சுவரில் முதுகை வைத்து, எதிர்ச் சுவரில் காலை உதைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு மாதத்தில் முதல் முறையாகப் படகு ஆடவில்லை.

"காலைல வரைபடத்தப் பாத்துட்டு என்னவோ சொல்ல வந்தியே, என்ன?"

"சேறு போட்டிருக்கே, இங்க ஏன் வரச் சொல்றான்னு கேக்க வந்தேன்."

"கேட்டிருக்கலாமே."

அவர் டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னிக்கு நீ பதில் சொல்லணும்ல. இன்னிக்கு ஒரு நாளாவது உன்கிட்ட எதுக்கும் எதிர்ப் பேச்சு பேசக் கூடாதுன்னு இருந்தேன்."

இதைக் கேட்டதும் நான் ஒரு மாதமாக ஒத்திகை பார்த்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. தண்ணீர் மறுபடி ஏற மாலை ஆகிவிடும் என்று அவருடைய புத்தகம் சொன்னது. எழுந்து போக வழியில்லாத நேரம். உண்மையைச் சொன்னேன்.

"எனக்குத் தீவு பிடிச்சிருக்கு. நடக்கிறது பிடிச்சிருக்கு. சாயங்காலம் வந்து உன்கிட்ட சொல்றது ரொம்பப் பிடிச்சிருக்கு. படகு பிடிக்கல. தண்ணி மேல ஒரு வருஷம் என்னால முடியாது."

"சரி" என்றார். "வித்துடுறேன்."

ஏன் என்று கேட்கவில்லை. வாக்குத் தவறாத மனிதர். பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தார், தானும் ஒன்று எடுத்துக்கொண்டார். அதைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கட்டம் போட்ட சட்டையில் வெயிலில் நின்றவரின் முகம்தான். அப்போது அவர் எனக்காக நின்றார், இப்போது படகே சாயட்டும் என்று நின்றிருக்கிறார். எண்ணிப் பார்த்தால், எங்கள் கல்யாணத்தில் நிற்கிற வேலை முழுவதையும் அவரே பார்த்திருக்கிறார்.

"விக்காத" என்றேன். "நீ போ. ஒரு வருஷம் போய்ட்டு வா. இந்தத் தடவ நான் நிக்கிறேன்."

"நீயா? கால் மணி நேரம் நிக்க மாட்டியே."

"நின்னு பழகிக்கிறேன்."

"தனியா எப்டி இருப்ப?"

"ரெண்டு வருஷமா எப்டி இருந்தேன்? மொதல்ல அந்த பஜ்ஜிய சாப்பிடு."

அவர் பஜ்ஜியைச் சாப்பிட்டார். மாலை நாலரைக்கு அடியில் ஏதோ முனகியது. சாய்ந்திருந்த தரை மெல்ல மெல்ல நேரானது. படகு ஆட ஆரம்பித்தது. நான் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மார்ச்சில் அவர் கிளம்பினார். எந்தத் தீவில் போன் இருக்கிறதோ அங்கிருந்து கூப்பிடுவார். நான் ஆபீஸ் போனேன், வந்தேன். நின்று பார்ப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. ஆகஸ்டில் பி.டி.எம். வீட்டுக்காரர் மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்றார். எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்திலேயே, புதிதாகப் போட்ட ஒரு லேஅவுட்டில் வீடு பார்த்து மாறினேன். அடுத்த முறை அவர் கூப்பிட்டபோது விலாசம் சொன்னேன். லேஅவுட் பெயர், மூணாவது கிராஸ், நீல கேட். லைன் கரகரவென்று போய்க் கட்டாகிவிட்டது. எந்தப் பக்கத்திலிருந்து என்று சொல்ல மறந்தது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. எனக்கு இந்த ஜன்மத்தில் புத்தி வராது.

அதன் பிறகு போனே இல்லை. செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பத்து மணி வாக்கில், துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மொபைல் அடித்தது. பெங்களூர் நம்பர்.

"நான்தான்" என்றார். "எஸ்.டி.டி. பூத்துல இருந்து பேசுறேன். படக வித்துட்டேன். ஒரு வயசான ஜோடி, நல்லவங்க."

குழாயை மூடினேன். "இன்னும் அஞ்சாறு மாசம் இருக்கே. நான்தான் நிக்கிறேன்னு சொன்னேனே."

"நீ நின்ன. எனக்குத்தான் முடியல. எல்லாத் தீவுலயும் எறங்கி நடந்து பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. கிராஸுக்கு நம்பர் போட ஆள் இல்ல."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். "இப்ப எங்க நிக்கிற?"

"மூணாவது கிராஸ் முனைல. எதுத்தாப்ல ஒரு பேக்கரி இருக்கு."

அந்த லேஅவுட்டில் இரண்டு கோடியிலும் பேக்கரி உண்டு. "எந்தப் பக்கத்துலேர்ந்து எண்ணின?" என்று கேட்டேன்.

"உன் பக்கத்துலேர்ந்துதான்" என்றார்.

அசையாமல் அங்கேயே நில் என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடினேன்.